உப்பு தேவையான அளவு

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் சமையற் புத்தகத் தெரிவுக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மேடையில் ஒருவர் நின்றாலும் இது மூவரின் பேச்சு. எங்களில் ஒருவர் மனையியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். ஒருவர் தோட்டப் பிரிவுகளில் குடும்ப நல மருத்துவிச்சியாக வேலை செய்தவர். மூன்றாமவர் இன்றைக்கும் லயத்தில்தான் குடியிருக்கிறார்; அவருடைய அம்மா நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர்.

சென்ற ஆண்டு செயற்குழு எங்களிடம் ஒரு வேலை தந்தது. நூற்றாண்டு நினைவாக, உயர்தரம் முடித்துப் பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு சமையற் புத்தகம் பரிசளிக்க வேண்டும், நல்லதாக ஒன்றைத் தெரிந்து சொல்லுங்கள் என்றார்கள். "இந்தக் காலத்திலும் பெண் பிள்ளைக்குக் கரண்டியையா கையில் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று ஒரு தங்கை கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆண்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கமும் இதையே பரிசளிக்கட்டும் என்பது எங்கள் பதில். சீனி வருத்தமும் பிரஷரும் ஆண் பெண் பார்த்து வருவதில்லை. வருத்தக்காரருக்குச் சமைக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் மட்டும் என்றால், அவர் படுத்துவிடும் நாளில் எல்லோரும் பட்டினி.

ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். பதினொரு மாதம் ஆனது. ஹட்டனிலும் கண்டியிலும் வாங்கியவை, கொழும்பிலிருந்து வந்தவை, சென்னைப் பதிப்புகள், லண்டனில் இருக்கும் இரண்டு அக்காமார் அனுப்பியவை, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தோடு இந்தியா போய்க் குன்னூரில் குடியேறிய ஒரு பழைய மாணவி பார்சலில் அனுப்பியவை என்று மொத்தம் பதினான்கு புத்தகங்கள் சேர்ந்தன. வாசித்து மட்டும் தீர்ப்புச் சொல்வதில்லை என்று முதல் நாளே பேசிக்கொண்டோம். ஒவ்வொன்றிலும் மூன்று பதார்த்தமாவது எங்கள் சொந்த அடுப்பில் சமைக்க வேண்டும். அதை எங்கள் சொந்த வீட்டார் சாப்பிட வேண்டும்.

அந்த வீட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லயத்து வீட்டில் ஆறு பேர். அம்மாவுக்குச் சீனி. அப்பாவுக்குப் பிரஷர். தம்பி மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் அட்டையில் எழுதியிருக்கிறார்கள். அவளுடைய மூத்த பிள்ளைக்கு இரண்டு வயது. தம்பிக்கு ஒரு குறையும் இல்லை, உறைப்பு இல்லாவிட்டால் மட்டும் முகம் சுருங்கும். ஆறாவது ஆள் சமைப்பவர். அவருக்கு என்ன வருத்தம் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அடுப்பு ஒன்று.

புத்தகங்களைத் திறந்ததும் எல்லாவற்றிலும் ஒரே வரி கண்ணில் பட்டது. "உப்பு: தேவையான அளவு." எங்கள் பாட்டிமாரும் அப்படித்தான் சொல்வார்கள், அதில் பிழையில்லை. ஆனால் யாருக்குத் தேவையான அளவு? உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி, நாள் முழுவதற்கும் எல்லா உணவிலும் சேர்த்து. நம் வீட்டில் காலை ரொட்டி மாவில் உப்பு, சம்பலில் உப்பு, சம்பலில் போட்ட மாசியில் உப்பு, பகலைக்குக் கருவாடு. அப்பாவின் பங்கு பத்து மணிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. பதினான்கில் மூன்று புத்தகங்கள்தான் உப்பைக் கரண்டிக் கணக்கில் எழுதியிருந்தன. அந்த மூன்றும் எங்கள் மேசையில் தனியாக ஒரு பக்கம் போயின.

பிறகு வருத்தக்காரருக்கென்றே எழுதப்பட்ட புத்தகங்களுக்கு வந்தோம். இதை எங்களில் ஒருவர் சொல்லத் தயங்கினார். சொல்லத்தான் வேண்டும் என்று மற்ற இருவரும் வற்புறுத்தினோம்.

சில வருடங்களுக்கு முன், அவர் அம்மாவுக்குச் சீனி என்று தெரிந்தவுடன், முதல் சம்பளத்தில் நீரிழிவுக்காரருக்கான சமையற் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். வழவழப்பான தாள், அழகான படங்கள். காலை உணவு அரைக் கோப்பை ஓட்ஸ், ஒரு சிறிய அப்பிள். ரொட்டியைத் தொடவே கூடாது. மகள் வாங்கித் தந்த புத்தகம் அல்லவா, அம்மா அப்படியே செய்தார். ஓட்ஸ் இரண்டு நாளில் தீர்ந்தது. அதற்குப் பிறகு பாதி அப்பிளும் சீனி போடாத தேத்தண்ணியும்தான். மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார். நாலாம் நாள் பத்து மணியளவில், நிரையின் நடுவில், வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கூடையோடு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நிரைக்காரப் பெண் போத்தலில் வைத்திருந்த இனிப்புத் தேத்தண்ணியைக் குடிக்கக் கொடுத்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பிறகு கிளினிக்கில் நேர்ஸ் அம்மா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தப் புத்தகத்துல இருக்கிறவங்க மலைக்குப் போறவங்களா?"

அந்தப் புத்தகம் பொய் சொல்லவில்லை. மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர் ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்ட புத்தகம் அது. மாத்திரை போடுபவர் சாப்பாட்டைத் தள்ளிப்போடவோ விடவோ கூடாது, உடலால் உழைப்பவர் மருத்துவரிடம் கேட்காமல் அளவைக் குறைக்கக் கூடாது என்று முதல் பக்கத்தில் இரண்டு வரி போட்டிருந்தால் போதும். இப்படி எழுதப்பட்ட புத்தகத்தைத்தான் நாங்கள் தேடினோம். பதினான்கில் ஒன்றில் இருந்தது.

சீனிக்குப் பதில் கித்துள் கருப்பட்டி, சீனிக்குப் பதில் தேன் என்று எழுதி, "நீரிழிவுக்காரரும் சாப்பிடலாம்" என்று கீழே போட்ட பக்கங்களை எண்ணி அலுத்துவிட்டோம். கருப்பட்டியும் பெரும்பாலும் சீனிதான். குரக்கன் மாவில் கருப்பட்டி சேர்த்துப் பிடித்த உருண்டையை எங்கள் ஆசிரியையின் வீட்டில் மாமியார் ஒரு கிழமையில் ஒரு டப்பா தீர்த்தார். மிகவும் பிடித்துப் போயிற்று. கிளினிக்கில் இரத்தத்தைப் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. குரக்கன் நல்ல தானியம். கல்சியம் நிறைய உண்டு. ஆனால் மெல்லிதாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் அதுவும் இரத்தத்தில் சீனியைச் சட்டென்று ஏற்றும். அளவு சொல்லாமல் "குரக்கன் நல்லது" என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை.

அளவு என்றதும் ரொட்டிக்கு வந்தேயாக வேண்டும். கோதுமை மா எங்கள் மலைக்கு எப்படி வந்தது என்பது பெரிய கதை. 1942 இல் பர்மா அரிசி நின்று, பங்கீட்டு முறை வந்த காலத்திலிருந்து மாவும் நம்மவர் சாப்பாட்டில் ஒரு பங்காயிற்று. 1973, 74 பஞ்சத்தில் அந்த மாவும் கிடைக்காமல் கீரையை அவித்துத் தின்ற கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். 2022 இல் மாவின் விலை ஏறியபோது அந்தக் கதைகள் மறுபடியும் காம்பராக்களில் கேட்டன. அப்படிப்பட்ட ரொட்டியை "தவிர்க்கவும்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் புத்தகத்தை எந்த லயத்திலும் இரண்டாம் தடவை திறக்க மாட்டார்கள்.

இன்னொரு கோளாறும் உண்டு. "இரண்டு ரொட்டி சாப்பிடலாம்" என்று ஒரு சென்னைப் புத்தகம் தாராளமாக அனுமதித்தது. அதில் சொன்ன ரொட்டி ஒன்றுக்கு மா 30 கிராம். நம் வீட்டில் தேங்காய்ப்பூப் போட்டுத் தட்டும் ரொட்டியைத் தராசில் வைத்தோம். ஒன்றுக்கே மா 100 கிராமைத் தாண்டியது. ஒரு வீட்டில் 130. பெயர் ஒன்றுதான், பொருள் மூன்று மடங்கு. கோப்பைக்கும் கரண்டிக்கும் பக்கத்தில் கிராம் எழுதாத புத்தகம் இடம் மாறினால் இப்படித்தான் ஆகும். நம்மவருக்குச் சுண்டு தெரியும், பால் டின் தெரியும். ஆழாக்கும் பலமும் இப்போது குன்னூரிலேயே பலருக்குத் தெரியாதாம்.

வருத்தக்காரருக்கான புத்தகங்களில் நாங்கள் கண்ட பெரிய குறை என்னவென்றால், அவை ஆளுக்கொரு சட்டி வைக்கச் சொல்கின்றன. அம்மாவுக்கு ஒரு பட்டியல், அப்பாவுக்கு ஒரு பட்டியல், கர்ப்பிணிக்கு வேறு, குழந்தைக்கு வேறு. காலை ஏழு மணிக்குள் பெரட்டுக்குப் போக வேண்டிய வீட்டில் நாலு சட்டி எப்படிக் கொதிக்கும்? எங்கள் மருத்துவிச்சி முப்பது வருடமாக வீடு வீடாகச் சொல்லி வந்த வழி வேறு. ஒரே சட்டி வையுங்கள், எந்த இடத்தில் யாருக்கு எடுத்துவைப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்பார்.

பருப்பை எடுங்கள். மைசூர்ப் பருப்பு ஒரு சுண்டு, மஞ்சள், நாலு பல் பூண்டு, தண்ணீர் விட்டு அவிய வைக்கிறோம். மிளகாயும் உப்பும் போடுவதற்கு முன் இரண்டு அகப்பை தனியே எடுக்கிறோம். முதல் அகப்பை பிள்ளைக்கு. அதைத் தண்ணீராக விடாமல், சோற்றோடு கட்டியாக மசித்து, ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் அல்லது அவித்த முட்டையின் பாதி சேர்க்கிறோம். வெறும் பருப்புத் தண்ணி வயிற்றை நிரப்பும், பிள்ளையை வளர்க்காது. 2016 இல் எடுத்த நாடளாவிய சுகாதார அளவெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதிலும் 17 சதவீதம், தோட்டங்களில் 32 சதவீதம். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு யாரும் பருப்புத் தண்ணியைக் குழந்தை உணவு என்று அச்சடிக்கக் கூடாது. இரண்டாவது அகப்பை அப்பாவுக்கு. உப்பில்லை, மிளகும், இறக்கிய பிறகு தேசிக்காயும். முதல் கிழமை சபித்துக்கொண்டே சாப்பிட்டார். மூன்றாம் கிழமை கேட்டு வாங்கினார். சட்டியில் மீதியுள்ளதில் உப்பும் மிளகாயும் போட்டு, ஒரு பிடி கீரையைக் கடைசியில் சேர்த்து, தாளித்தால் மற்றவர்களுக்கு ஆயிற்று. கர்ப்பிணிக்கு அதன் மேலேயும் தேசிக்காய் பிழிய வேண்டும், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர அது உதவும். அம்மாவுக்கு அதே பருப்பு இரண்டு மடங்கு, ரொட்டி பாதி. அதுவும் கிளினிக்கில் கேட்டுத் தீர்மானித்த பாதி.

ஒரு சட்டி, மூன்று முறை எடுத்துவைப்பு. இதை எந்தப் புத்தகமாவது எழுதியிருக்கிறதா என்று தேடினோம். லண்டனிலிருந்து வந்த ஒரு ஆங்கிலப் புத்தகத்தில் மட்டும், அதுவும் குழந்தைக்கு மட்டும், இருந்தது.

உப்பைப் பற்றி மருத்துவிச்சி ஒரு எச்சரிக்கையும் சேர்க்கச் சொன்னார். "பிரஷருக்கு நல்ல உப்பு" என்று விற்கப்படும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு அது ஆபத்து. அதைச் சொல்லாமல் அந்த உப்பைச் சிபாரிசு செய்த புத்தகம் ஒன்றை நாங்கள் முற்றாக ஒதுக்கினோம். மற்ற விடயங்களில் அது நல்ல புத்தகம் என்றாலும்.

தேயிலை மலையில் நின்றுகொண்டு இதையும் சொல்லாமல் இருக்க முடியாது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பு, மாத்திரை எல்லாவற்றின் இரும்புச் சத்தும் உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். இரும்புச் சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கும் கர்ப்பிணிகளை இன்றைக்கும் காண்கிறோம். பதினான்கு புத்தகங்களிலும் தேநீர் தயாரிக்கும் முறை இருந்தது. குடிக்கும் நேரம் ஒன்றில்கூட இல்லை.

இனி உயரம். இது மனையியல் ஆசிரியையின் பகுதி, அவர் இதில் கொஞ்சம் நீட்டுவார் என்று தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர். இங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 அளவு. கொழும்பிலும் சென்னையிலும் 100. அதனால் கடலையும் கௌபியும் இங்கே அவியவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். புத்தகத்தில் "நாற்பது நிமிடம்" என்று இருக்கும். புதுப்பெண் நாற்பது நிமிடம் வைத்து, அரைவேக்காட்டில் இறக்கி, மாமியாரிடம் பேச்சு வாங்குவாள். இட்லி மாவும் அப்படித்தான். "இரவில் கரைத்து வைத்தால் காலையில் பொங்கிவிடும்" என்பது சமவெளிக் கணக்கு. நுவரெலியாவில் தை மாதத்தில் இரவு கரைத்தது அடுத்த நாள் மாலையிலும் அசையாமல் கிடக்கும். குன்னூர் அக்காவுக்கு எழுதிக் கேட்டோம். அங்கும் ஏறக்குறைய இதே உயரம், இதே குளிர். அரிசிச் சாக்கில் சுற்றி அடுப்பு மேடையில் வைப்பாராம். கடலைக்குப் பிரஷர் குக்கரில் இரண்டு விசில் கூட. எரிவாயு வாங்கும் வீட்டுக்கு இந்த இருபது நிமிடமும் காசுதான்.

காய்கறியிலும் இதே கதை. முருங்கைக்கீரை, முருங்கைக்கீரை என்று எல்லாப் புத்தகமும் பாடுகிறது. நுவரெலியாக் குளிரில் முருங்கை வராது. வாசலில் இருப்பது லீக்ஸ், கரட், பீட்ரூட், நோக்கோல், ராபு. லீக்ஸின் பச்சை இலையையும் பீட்ரூட் இலையையும் ராபு இலையையும் மாட்டுக்குப் போடுகிறோம். அவற்றைச் சுண்ட ஒரு பக்கம் ஒதுக்கிய புத்தகம் ஒன்றே ஒன்று. ஒலிவ் எண்ணெய்க்கு ஏழு பக்கம் ஒதுக்கியவை நான்கு. 2021 இல், அத்தனை போராட்டத்துக்குப் பிறகு, நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது என்பதை நினைத்துக்கொண்டு அந்த ஏழு பக்கங்களை வாசித்துப் பாருங்கள்.

வருத்தத்தால் மட்டும் சாப்பாடு வேறுபடுவதில்லை. நம் விடுதி மேசையில் இந்து, கத்தோலிக்கர், முஸ்லிம், பௌத்தர் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெள்ளிக்கிழமை மரக்கறி, தவசு காலத்து ஒறுத்தல், ஹலால் எல்லாம் அந்த மேசையிலேயே பழகினோம். இலங்கைச் சமையல் புத்தகங்கள் பலவற்றில் "மரக்கறி" என்ற தலைப்பின் கீழே மாசி போட்ட கறி இருக்கும். வெள்ளிக்கிழமை விரதக்காரி நம்பிச் சமைத்தால் போச்சு. பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கும் தங்கைமார் ஒவ்வாமை பற்றி எழுதியிருந்தார்கள். பிரித்தானியாவில் உணவுப் பொட்டலத்தில் 14 ஒவ்வாமைப் பொருட்களைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே உண்டு. நம் புத்தகங்களில் கச்சானும் எள்ளும் நல்லெண்ணெயும் சத்தமில்லாமல் வரும். "கோதுமை இல்லாதது" என்ற தலைப்பின் கீழே ரவை உப்புமாவைக் கண்டோம். ரவையும் கோதுமைதான். கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் பொட்டலத்தை வாசிக்க வேண்டும்.

குன்னூர்ப் பார்சலில் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' இருந்தது. 1951 இல் முதலில் வந்த புத்தகம். மீனோ மாசியோ இல்லாத, முழுக்க முழுக்கச் சைவமான ஒரு பிராமண வீட்டுச் சமையல். நம் அடுப்புக்கும் அதற்கும் தூரம் அதிகம். ஆனாலும் மூவருக்கும் அதன் மேல் மரியாதை வந்தது. சமைக்கத் தெரியாத, பக்கத்தில் அம்மா இல்லாத ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். எதை முதலில் போடுவது, எவ்வளவு போடுவது என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிறார். யாருக்காக எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதிய புத்தகம் அது. அந்தப் பிரதியை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

ஆக, செயற்குழுவுக்கு நாங்கள் தந்த அறிக்கை இதுதான். பரிசாகக் கொடுக்கும்படி ஒரு புத்தகத்தையும் சிபாரிசு செய்ய முடியவில்லை. அழகான புத்தகத்தைக் கையில் கொடுத்து, இன்னொரு அம்மா நிரையில் உட்காரும்படி செய்ய எங்களுக்கு மனமில்லை. பதிலாக நாமே ஒன்றை எழுதுவோம். எளிய கட்டு, பெரிய எழுத்து, ஓரத்தில் எழுத இடம். முப்பது பதார்த்தம் போதும். ஒவ்வொன்றிலும் கிராமும் சுண்டும், உப்பு கரண்டிக் கணக்கில், யாருக்கு எந்த இடத்தில் எடுத்துவைப்பது என்ற குறிப்பு, நுவரெலியாவுக்கும் சமவெளிக்கும் தனித்தனி நேரம். அச்சுக்குப் போகுமுன் ஒரு மருத்துவரும் ஒரு போசணை அலுவலரும் பார்க்க வேண்டும். செயற்குழு ஒத்துக்கொண்டது.

பத்தொன்பது பதார்த்தம் சமைத்துப் பார்த்து எழுதியாயிற்று. பதினொன்று மீதி. அதை நீங்கள்தான் தர வேண்டும், கொழும்பிலும் ரொறன்ரோவிலும் குன்னூரிலும் இருப்பவர்கள் உட்பட. அனுப்பும்போது எந்த ஊர், வீட்டில் யார் யார் சாப்பிட்டார்கள், யாருக்கு எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். சமைத்தவர் என்ன சாப்பிட்டார் என்பதையும் எழுதுங்கள். எங்கள் ஆறாவது ஆளின் பக்கம் இன்னும் காலியாகவே இருக்கிறது. தயவுசெய்து "தேவையான அளவு" என்று மட்டும் எழுதாதீர்கள்.

மண்டப வாசலில் ஒரு மேசையும் தராசும் மாவும் வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் வீட்டு ரொட்டி ஒன்றுக்கு எடுக்கும் மாவைக் கண்ணளவில் எடுத்துத் தராசில் போடுங்கள், ஊரின் பெயரோடு குறித்துக்கொள்வோம். இன்றைய பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தேத்தண்ணி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும். சாப்பாட்டுக் குழுவிடம் சொல்லிவிட்டோம்.